படத்தின் அடியில் ஒரு பெயர்

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் ஓர் ஓவியத்தின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்கள். குளச்சல் போருக்குப் பின்னர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவன் டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி அது. போர் நிகழ்ந்தது 1741-ஆம் ஆண்டு. ஐரோப்பிய வணிகப் பேரரசு ஒன்றை இந்திய அரசர் ஒருவர் கடற்கரையிலேயே தோற்கடித்த நிகழ்வு என்பதால், குளச்சல் என்ற சிற்றூரின் பெயர் வரலாற்று நூல்களில் நிலைபெற்றுவிட்டது.

அந்த ஓவியத்தில் நாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருவர். ஒருவர் மன்னர். மற்றவர் தோற்ற தளபதி. டி லனாய் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்து அதன் தலைவராகவும் உயர்ந்து, 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். போர்க்களத்தில் நின்ற மற்றவர்களின் நிலை வேறு. பகைவர் கண்ணுக்குப் பெரும்படையாகத் தோன்றும்படி முக்குவர்கள் துடுப்புகளை ஏந்தி அணிவகுத்து நின்றார்கள் என்ற கதை இன்றும் நமது கடற்கரையில் சொல்லப்படுகிறது. அக்கதையில் கூட்டம் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, தந்திரம் இருக்கிறது. ஆள் ஒருவனின் பெயர் மட்டும் இல்லை.

இதற்காக ஓவியனைக் குறை சொல்வதற்கில்லை. அரண்மனைச் சுவரில் தொங்கும் படம் அரண்மனையின் பார்வையைத்தான் காட்டும். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறொன்று. படம் அரண்மனையைவிட்டு வெளியேறி, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் மாட்டப்பட்டு, நடுவர்கள் முன்னிலையில் மதிப்பிடப்பட்டு, பரிசும் பெறத் தொடங்கியபோது, படத்தின் அடியில் யாருடைய பெயரெல்லாம் வந்து சேர்ந்தது? யாருடைய பெயர் விடுபட்டது?

கலைக் கண்காட்சியும் மாணவர் புகைப்படப் போட்டியும் இன்று ஏறக்குறைய எல்லாக் கல்லூரி வளாகங்களிலும் ஆண்டுவிழாவின் ஓர் அங்கம். அவற்றின் வேரைத் தேடிச் சென்றால் நாம் வந்து சேரும் இடம், சென்னை எழும்பூரை ஒட்டி, அந்நாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று வழங்கிய சாலையில் உள்ள ஒரு வளாகம். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. 2013-இல் தொடங்கப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

*

அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு ராணுவ மருத்துவர். 1850-இல் அவர் சென்னையில் தமது சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் (1854) பம்பாயிலும் (1857) கலைப்பள்ளிகள் தோன்றுவதற்கு முன்னரே தோன்றியது அது. ஓவியம், செதுக்குவேலை ஆகியவற்றோடு மண்பாண்டம், ஓடு முதலிய தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. கலையையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்தவர் ஹண்டர். சில ஆண்டுகளில் பள்ளி அரசின் பொறுப்புக்கு வந்தது.

1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின் அலை நான்கே ஆண்டுகளில் சென்னைக் கரையைத் தொட்டது. 1855-இல் தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், உற்பத்திப் பொருள்கள் ஆகியவற்றுக்கான கண்காட்சி ஒன்று சென்னையில் நடைபெற்றது. அந்தப் பெயரே கவனிக்கத்தக்கது. விளைபொருளும் கைத்தொழிலும் கலையும் ஒரே பந்தலில், வகைவகையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வகைக்கும் நடுவர் குழு அமைத்து மதிப்பிடப்பட்டன. புகைப்படமும் அதற்குள் ஒரு வகை. ஹளேபீடு, பேலூர் ஆலயங்களைப் படமெடுத்திருந்த லினியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியின் படங்கள் அங்கே நடுவர்களின் பாராட்டைப் பெற்றன.

அந்தப் பாராட்டு வீண்போகவில்லை. 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துவந்த ட்ரைப், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். கண்காட்சி என்பது வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமன்று, பதவிக்கும் பணிக்கும் வாசல் திறந்துவிடும் இடம் என்பதைத் தமிழகம் முதன்முதலாகப் பார்த்த தருணங்களுள் ஒன்று இது. அதே காலத்தில் சென்னையில் புகைப்படச் சங்கமும் தோன்றிவிட்டது. ஹண்டர் அதன் முன்னணியில் இருந்தார். அவரது பள்ளியிலும் புகைப்பட வகுப்பு தொடங்கியது. புகைப்படக் கலை ஐரோப்பாவில் அறிமுகமாகி இருபது ஆண்டுகள்கூட நிறையாத வேளையில், சென்னை மாணவர்கள் அதைப் பாடமாகப் பயின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் சி. அய்யாசாமி. ட்ரைப்பின் உதவியாளராகச் சேர்ந்து பணியாற்றியவர்; அதன் பின்னரும் கலைப்பள்ளியின் புகைப்படப் பணியைத் தொடர்ந்தவர். முன்னெழுத்து ஒன்று, பெயர் ஒன்று. ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயரும் தாறுமாறான எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. ஆயினும் நமக்கு அது விலைமதிப்பற்றது. தமிழ்நாட்டில் கலைப்பள்ளி ஒன்றில் புகைப்படம் பயின்ற மாணவர் வரிசையின் தொடக்கத்தில், பெயரோடு தெரியும் முகம் அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

*

ட்ரைப் 1857-இன் இறுதியில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அவரது பயணம் அமைந்தது. மெழுகு பூசிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறை அவருடையது. நமது வெயிலிலும் புழுக்கத்திலும் அதை வேலை வாங்குவது எளிதன்று. பெரிய கேமராவும் ரசாயனங்களும் காகிதக் கட்டுகளும் கூடவே பயணம் செய்தாக வேண்டும். வானம் வெறுமையாக விழுந்த படங்களில், எதிர்ப்படத்தின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் இடையிலான கோடு அன்றே அவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கிறது.

அவர் எடுத்தவற்றுள் நம்மை இன்றும் வியக்க வைப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுப் படம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, இருபத்தோரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஒரு கல்வெட்டை வாசிக்கத்தக்க வகையில் அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவரும் முயற்சி.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர இயலாது. அதே பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் ராஜராஜனின் மற்றொரு நீண்ட கல்வெட்டு உள்ளது. பல ஊர்த் தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியது அது. ஒவ்வொரு பெண்ணின் பெயர், அவள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுக்குத் தரப்பட்டது என்பது வரை அதில் வெட்டப்பட்டுள்ளது. அரசனின் பெருமையைச் சொல்வதற்காகவே எழுப்பப்பட்ட கோயிலில், ஆடவும் பாடவும் வந்த நானூறு பெண்களின் பெயர்களும் கல்லேறின. அப்பெண்களின் வாழ்வு எத்தகையது என்பது வேறு விவாதம். பெயர் எழுதுவது நமது மரபுக்குப் புதிதல்ல என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

1858-இல் ட்ரைப்பின் படங்கள் ஊர்வாரியாகத் தொகுதிகளாயின. மதுரைக்குத் தெற்கே அவை வரவில்லை. நாஞ்சில் நாடும் குளச்சலும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டவை. மாகாண அரசின் கேமரா அந்த எல்லையில் நின்றுவிட்டது. விரைவிலேயே அந்தக் கேமராவும் மூடப்பட்டது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், அரசு செலவில் புகைப்படம் எடுப்பதை ஆடம்பரமாகக் கருதினார். ட்ரைப்பின் புகைப்பட நிலையம் கலைக்கப்பட்டது.

அரசுப் புகைப்படக் கலைஞர் என்ற பதவி போயிற்று. ஆனால் கலைப்பள்ளியின் வகுப்பு போகவில்லை. நீலகிரியின் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதிய நூல் ஒன்று, அவரது மறைவுக்குப் பின்னர் 1873-இல் வெளிவந்தது. நீலகிரியின் பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றிய அந்நூலில் இடம்பெற்ற படங்கள் சென்னைக் கலைப்பள்ளியினர் எடுத்தவை. மலையேறிச் சென்று, தோடர்களையும் கோத்தர்களையும் குறும்பர்களையும் இருளர்களையும் கேமராவின் முன் நிற்க வைத்த மாணவர்கள் யார் யார் என்பது பொது வாசகனுக்குத் தெரியாது. 'பள்ளி' என்ற ஒற்றைச் சொல் அவர்கள் அனைவரையும் மூடிக்கொண்டது. படத்தில் நிற்பவர்களையும் இனத்தின் பெயரே மூடியது. கேமராவின் இரு பக்கமும் மனிதர்கள் இருந்தார்கள். இரு பக்கமும் பெயர்கள் குறைவாகவே மிஞ்சின.

*

அதே 1873-ஆம் ஆண்டு சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சிக்குத் திருவிதாங்கூரிலிருந்து ஓர் ஓவியம் வந்தது. கூந்தலுக்கு மலர் சூடும் நாயர் பெண்ணைத் தீட்டிய அந்தப் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாவில் நடந்த கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. அந்த ஓவியர் கிளிமானூர் ரவி வர்மா. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டும் சென்னையில் அவருக்கே பதக்கம். 1876-இல் அவர் அனுப்பிய சகுந்தலை கடிதம் எழுதும் ஓவியத்தை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் வாங்கினார்.

ரவி வர்மா கலைப்பள்ளி மாணவர் அல்லர். அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் ராமசாமி நாயுடு போன்ற ஓவியர்கள் புகழுடன் இருந்த காலம் அது. அரண்மனைக்குள்ளேயே இருந்திருந்தால் ரவி வர்மாவும் அவ்வரிசையில் ஒருவராக நின்றிருக்கக்கூடும். சென்னைக் கண்காட்சியின் சுவர் அவரைத் தனிப்பெயராக்கியது. நடுவர் குழு, பதக்கம், செய்தித்தாள் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்திய ஓவியனுக்குக் கையொப்பத்தின் மதிப்பை உணர்த்தின. 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் வழியே அந்தப் பெயர் நாடெங்கும் வீட்டுச் சுவர்களை அடைந்தது.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கண்காட்சியின் உள்ளியல்பு புலப்படுகிறது. ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஓவியன் கலைஞனாகிறான். புகைப்படம் எடுத்த மாணவன் பணியாளாகவே நின்றுவிடுகிறான். ஓவியத்தில் கை தெரிகிறது, புகைப்படத்தில் கருவிதான் தெரிகிறது என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது.

*

இருபதாம் நூற்றாண்டில் அந்த வளாகம் ஓவியர்களின், சிற்பிகளின் வளாகமாகவே வெளியுலகுக்குத் தெரிந்தது. 1929 முதல் 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையில் இருந்தார். சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவரைத் தொடர்ந்து வந்த கே.சி.எஸ். பணிக்கர், கல்லூரியில் பயின்றவர்கள் வெளியே வந்து பிழைக்கவும் வரையவும் வேண்டுமே என்ற கவலையில் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று வந்த பணத்தில் நிலம் வாங்கிய இளைஞர்களின் கதை அது. கலையும் கைத்தொழிலும் ஒரே கூரையின்கீழ் என்ற ஹண்டரின் எண்ணம், அவர் நினைத்திராத வடிவத்தில் நிறைவேறியது.

தெற்கு முனையில் இருந்த நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அக்கல்லூரியின் கண்காட்சிகள் எட்டாத தூரம். ஆனால் அங்கு பயின்றவர்களின் கோடுகள் சிறுபத்திரிகைகளின் அட்டையில் ஏறி நம்மிடம் வந்தன. கே.எம். ஆதிமூலம் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசியோடு வந்த அவரது கோட்டோவியங்களை நினைக்காமல் அந்தக் கட்டுரைகளை நினைக்க முடிவதில்லை. நவீன ஓவியத்துக்குத் தமிழ் வாசகன் பழகியது பெரும்பாலும் கண்காட்சிக்கூடத்தில் அன்று, பத்திரிகைத் தாளில்தான். பத்திரிகையும் ஒரு சுவர்.

புகைப்படம் இதற்கிடையில் வேறு பாதையில் போயிற்று. அது சங்கங்களின் கையில், போட்டிகளின் வழியாக வளர்ந்தது. 1953-இல் இந்தியப் புகைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. போட்டிக்கென ஓர் ஒழுங்கு ஏற்பட்டது: நடுவருக்கு எடுத்தவர் பெயர் தெரியக் கூடாது, படத்தைப் பார்த்து மட்டுமே மதிப்பெண் இட வேண்டும், முடிவுக்குப் பின்னரே பெயரை அறிவிக்க வேண்டும். இதில் ஓர் அறம் இருக்கிறது. ஊரும் சாதியும் செல்வாக்கும் படத்தின் பின்பக்கம் மறைந்துகொள்கின்றன. 1990-களுக்குப் பின்னர்த் தமிழகக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் துறைகள் பரவியபோது, மாணவர் போட்டிகளும் இந்த ஒழுங்கையே ஏற்றுக்கொண்டன. அய்யாசாமியின் சகமாணவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இப்போது முதலாண்டு மாணவருக்கும் கிடைத்துவிட்டது. படத்தின் அடியில் அவர் பெயர் இருக்கிறது.

அத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

*

2004 டிசம்பர் 26-ஆம் நாளை இந்தக் கடற்கரையில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குளச்சலும் அதை ஒட்டிய கொட்டில்பாடும் குமரி மாவட்டத்தில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட ஊர்கள். அலைக்குத் தப்பி ஓடியவர்களில் பலர் ஏ.வி.எம். கால்வாயில் சிக்கி மாண்டார்கள். பெருங்குழிகளில் உடல்கள் அடக்கப்பட்டன. அதன் பிறகு கேமராக்கள் வந்தன.

அந்தப் பேரழிவின் படங்களில் உலகம் அதிகம் பார்த்தது கடலூரில் எடுக்கப்பட்ட ஒன்று. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்கோ தத்தா எடுத்தது. மண்ணில் விழுந்து, இரு கைகளையும் விரித்து அழும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. அந்த ஆண்டின் சிறந்த உலகச் செய்திப் புகைப்படமாக அது தேர்வாயிற்று. எடுத்தவரின் பெயர் உலகெங்கும் அச்சேறியது. படக்குறிப்பில் அவர் 'ஒரு பெண்'. இறந்தவர் 'ஓர் உறவினர்'.

அந்தப் புகைப்படக் கலைஞரைக் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. பேரழிவின் நடுவே, பிணங்களுக்கிடையே நின்று பெயர் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை உணர முடிகிறது. அந்தப் படம் இல்லையென்றால் உலகம் இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்திருக்குமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டில் என்ன மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில் விடை சங்கடமாக இருக்கிறது. நீலகிரிப் படங்களில் கேமராவின் இரு பக்கமும் பெயர்கள் குறைவாக இருந்தன. இப்போது ஒரு பக்கம் பெயர் வந்துவிட்டது. மறுபக்கம் இன்னும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது.

மாணவர் போட்டிகளைப் பார்த்து வருபவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். கடலோர மாவட்டம் என்றால் வலை வீசும் கை, கரையேறும் கட்டுமரம், சுருக்கம் விழுந்த முகம், மணலில் விளையாடும் குழந்தை. தலைப்புகளும் ஏறத்தாழ முடிவானவை: உழைப்பு, நம்பிக்கை, காத்திருப்பு, புன்னகை. மனிதர் ஒருவர் கருத்தாகிவிடுகிறார். கருத்துக்குப் பெயர் தேவையில்லை. பரிசு பெற்ற முதியவரின் முகம் கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு வாரம் தொங்கும். நான்கு கிலோமீட்டர் தொலைவில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அவருக்கு அது தெரியவே தெரியாது.

மாற்றத்துக்கான அறிகுறிகள் இல்லாமலில்லை. 2016-இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட இருபதாண்டு விழா என்று யாரும் தவறாக மொழிபெயர்த்துவிடாதபடி, ஈராண்டு விழா என்றே அழைப்போம். அதன் 2019-ஆம் ஆண்டுக் காட்சிகள் பழைய கலைப்பள்ளியின் வளாகத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்திலும் நடந்தன. செனட் இல்லத்தைக் கட்டிய சிஷோம், கலைப்பள்ளிக்கும் தலைவராக இருந்தவர். புகைப்படம் புறப்பட்ட வீட்டுக்கே கலையாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். ம. பழனிக்குமார் போன்ற புகைப்படக் கலைஞர்கள் தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துப் பழக்குவது இன்னும் முக்கியமானது. அங்கே படத்தில் இருப்பவர் எடுப்பவரின் அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா. பெயர் தானாகவே வந்துவிடுகிறது.

எல்லாக் கல்லூரிகளும் உடனே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மாணவர் போட்டியின் விண்ணப்பத்தாளில் இப்போது எடுத்தவர் பெயர், துறை, படத்தின் தலைப்பு ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. அதில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: படத்தில் இருப்பவரின் பெயரும் ஊரும். தஞ்சைக் கல்வெட்டை வெட்டியவன் நானூறு முறை செய்த வேலை அது.

அந்த ஒரு வரி மாணவரை என்ன செய்ய வைக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். தொலைவிலிருந்து பெருக்கிக்காட்டும் வில்லையால் எடுத்துவிட்டு வந்துவிட முடியாது. அருகே போக வேண்டும். "பேரு என்ன தாத்தா?" என்று கேட்க வேண்டும். அவர் எதற்கு என்று கேட்பார். போட்டிக்கு என்று சொல்ல வேண்டும். அவர் சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். சொந்தத் துயரத்தை ஊரறிய மாட்ட வேண்டாம் என்று நினைக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அப்படியானால் படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். படம் இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால், கேட்டோம், சொல்ல விரும்பவில்லை என்று அந்த வரியில் எழுதிவிடலாம். கேட்டதற்கான பதிவாவது இருக்கும்.